ரோட்டா சொட்டு மருந்து: போடுவதா, விடுவதா, போட்டால் எது?

பிள்ளைக்கு இரண்டு மாதம் முடியும்போது கிளினிக் கொப்பியில் ஒரு திகதி இருக்கும். அன்று பென்டாவலன்ட் ஊசி, போலியோ சொட்டு. அந்தப் பட்டியலில், கடும் வயிற்றோட்டம் தரும் ரோட்டா வைரஸைத் தடுக்கும் சொட்டு மருந்து இல்லை. இலங்கையின் தேசிய தடுப்பூசி அட்டவணையில் சேராததால், வேண்டுமென்கிற பெற்றோர் தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். யாழ்ப்பாணத்தில் பலர் இந்த மருந்தைப் பற்றி முதன்முதல் கேள்விப்படுவது லண்டனில் இருக்கும் அக்காவோ கனடாவில் இருக்கும் மச்சாளோ போனில், "பிள்ளைக்கு ரோட்டா குடுத்தாச்சோ?" என்று கேட்கும்போதுதான். பிரித்தானியாவில் 2013 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் 8ஆம், 12ஆம் வாரங்களில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். அக்காவுக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை. இங்கே இருக்கும் தங்கச்சிதான் யோசித்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது, அதுவும் சில வாரங்களுக்குள்.

நான் பாமசியில் வேலை செய்கிறவள். கைக்குழந்தையோடு வருகிற தாய்மார் என்னிடம் இதைக் கேட்பதுண்டு. சுற்றி வளைக்காமல் என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். காசு கைக்கு எட்டுமென்றால் போடுங்கள். எந்தக் கம்பனியின் மருந்து என்று ஆராய்ந்து மினக்கெட வேண்டாம், தொடங்க வேண்டிய வயதை மட்டும் தவறவிடாதீர்கள். போட்டாலும் விட்டாலும் வீட்டில் ஜீவனி (வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச்சீனிப் பொடி) இருக்கட்டும்.

சிறுபிள்ளைகளுக்குக் கடும் வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும் கிருமிகளில் முன்னணியில் நிற்பது ரோட்டா வைரஸ். 1973இல் மெல்பேர்னில் ரூத் பிஷப்பும் அவரோடு வேலை செய்தவர்களும், வயிற்றோட்டத்தோடு வந்த பிள்ளைகளின் சிறுகுடல் திசுவில் இதை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் கண்டுபிடித்தார்கள். தடுப்பு மருந்து பரவலாக வருவதற்கு முன் உலகம் முழுவதும் ஆண்டொன்றுக்கு ஐந்து இலட்சமளவில் பிள்ளைகள் இதனால் இறந்துகொண்டிருந்தார்கள். எல்லா நாடுகளும் இதைத் தங்கள் அட்டவணையில் சேர்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 2017 முதல் அரசே கொடுக்கிறது.

கிருமி உள்ளே போய் இரண்டு நாளளவில் காய்ச்சலும் சத்தியும் தொடங்கும். பிறகு தண்ணீர் தண்ணீராக வயிற்றோட்டம், மூன்று நாளிலிருந்து எட்டு நாள் வரை. ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளைத்தான் இது மோசமாகத் தாக்கும். சத்தி முந்தி வருவதுதான் இதில் பெரிய தொல்லை. உடம்பிலிருந்து தண்ணீர் போகப் போகிறது, அதற்கு முன்னரே பிள்ளை வாயில் வைத்ததையெல்லாம் வெளியே தள்ளத் தொடங்கிவிடுகிறது.

போடாமல் விடுவது

போடாமல் விடுகிறவர்கள் இரண்டு நியாயம் சொல்வார்கள். முதலாவது, "நாங்கள் தண்ணி கொதிக்க வைச்சுத்தான் குடுக்கிறம், வீடு சுத்தம்." கிணற்றை நம்பி வாழும் குடாநாட்டில் தண்ணீரைக் கொதிக்க வைப்பதை யாரும் விட்டுவிடக் கூடாது. எங்கள் நிலத்தடி சுண்ணாம்புக்கல். மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் தூரம் குறைந்த காணிகள் நிறைய. கொதிக்க வைத்த தண்ணீர் நெருப்புக்காய்ச்சலையும் வயிற்றுளைவையும் தள்ளி வைக்கும். ஆனால் ரோட்டா கிணற்றுத் தண்ணீரை மட்டும் நம்பி வருவதில்லை. நூறுக்கும் குறைவான வைரஸ் துணிக்கைகள் வாய்க்குள் போனாலே ஒரு பிள்ளைக்கு நோய் வரப் போதும். விளையாட்டுச் சாமானிலும் கதவுப் பிடியிலும் நாட்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். நோய் வந்த பிள்ளையின் மலத்தில் அறிகுறி தெரிவதற்கு முன்னரே வெளிவரத் தொடங்கி, பிள்ளை சுகமான பின்னும் சில நாள் வந்துகொண்டிருக்கும். சுத்திகரித்த குழாய்த் தண்ணீரும் நல்ல மலசலகூடமும் உள்ள லண்டனிலும் டொரோண்டோவிலும்கூட, தடுப்பு மருந்து வருவதற்கு முன் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் ஐந்து வயதுக்குள் ஒரு தடவையாவது ரோட்டா தொற்றியது. சுத்தத்தால் மட்டும் நிறுத்த முடிந்திருந்தால் அந்த நாடுகள் இந்த மருந்துக்குக் காசு செலவழித்திருக்கத் தேவையில்லை.

இரண்டாவது நியாயம், "வந்து போனால் எதிர்ப்புச் சக்தி தானாக வரும்." இது பொய்யில்லை. மெக்சிகோவில் கைக்குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்து 1996இல் வெளியான ஆய்வில், இரண்டு தடவை தொற்றிய பிள்ளைகளுக்கு அதன்பின் கடுமையான ரோட்டா வயிற்றோட்டம் வரவேயில்லை. ஆனால் பிள்ளையைக் கட்டிலில் விழுத்துவது பெரும்பாலும் முதல் தொற்றுத்தான். தடுப்பு மருந்து அந்த முதல் தொற்றின் இடத்தில், பலம் குறைத்த வைரஸை வைக்கிறது. எதிர்ப்புச் சக்தி எப்படியும் வரத்தான் போகிறது என்றால், சத்தியும் சேலைனும் இல்லாத வழியாக வரட்டுமே.

தாய்ப்பால் ஓரளவு காக்கும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பதை இந்த நோய்க்காகவும் கடைப்பிடிக்கலாம். அதையே முழுக்காப்பு என்று நம்பி மற்றதை விட்டுவிட முடியாது.

போடுவதென்றால்: வயதுக் கணக்கு

பெற்றோர் அதிகம் சறுக்குகிற இடம் இதுதான். இது ஊசியில்லை, வாயில் விடுகிற சொட்டு. பிறந்து ஆறு வாரம் ஆனதும் தொடங்கலாம். முதல் தவணையைப் பதினைந்து வாரம் பிறப்பதற்கு முன் கொடுத்துவிட வேண்டும் என்பதே வழமையான வரம்பு. பதினைந்து வாரமென்றால் மூன்றரை மாதம்.

இப்போது கிளினிக் கொப்பியைப் பாருங்கள். அரசாங்க ஊசிகள் இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் வருகின்றன. இரண்டாம் மாதம் என்பது எட்டு, ஒன்பது வாரம். அப்போது தொடங்கினால் எல்லாம் சரியாகப் பொருந்தும். "இப்ப காசு முடை, நாலாம் மாதம் பாப்பம்" என்று தள்ளி வைத்தால் பிள்ளைக்குப் பதினேழு வாரம் ஆகிவிடும். காசு வந்திருக்கும், வயது போயிருக்கும். மற்றத் தடுப்பூசிகள் பலவற்றைப் பிந்தியும் போடலாம் என்பதால் இதுவும் அப்படித்தான் என்று நினைத்து விட்டவர்களைக் கண்டிருக்கிறேன். இறப்பு அதிகமான நாடுகளில் இரண்டு வயது வரை கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் தளர்த்தியது உண்மை. மருந்து கிடைக்காமல் போனால் பிள்ளையே போய்விடக்கூடிய இடங்களுக்கான கணக்கு அது. எங்கள் நிலைமைக்கு அதை எடுத்து வர வேண்டாம்.

வயது வரம்பு எதற்கு? குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் செருகிக்கொள்ளும் ஒரு நோய் உண்டு. மருந்தே போடாத பிள்ளைகளுக்கும் வரும், நாலு மாதத்துக்கும் பத்து மாதத்துக்கும் இடையில்தான் அதிகம். 1998இல் அமெரிக்காவில் அறிமுகமான முதல் ரோட்டா மருந்து, இந்தச் செருகலை ஏறத்தாழ பத்தாயிரம் பிள்ளைகளில் ஒருவருக்கு வரவைத்தது என்பதால் அடுத்த ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. இப்போதுள்ள மருந்துகளில் இந்த ஆபத்து மிகக் குறைவு. அமெரிக்கக் கணக்குப்படி இருபதாயிரத்தில் ஒன்றிலிருந்து இலட்சத்தில் ஒன்று வரை. வந்தால் பெரும்பாலும் முதல் அல்லது இரண்டாம் தவணைக்குப் பிந்திய ஒரு வாரத்துக்குள். பிள்ளை விட்டு விட்டு வீரிட்டு அழுது காலை வயிற்றோடு மடக்குகிறதா, தொடர்ந்து சத்தி எடுக்கிறதா, மலத்தில் இரத்தமும் சளியும் சேர்ந்து வருகிறதா, உடனே வைத்தியசாலை. நேரத்தோடு போனால் பெரும்பாலும் சத்திரசிகிச்சை இல்லாமலே சரிசெய்துவிடுவார்கள். இந்த ஆபத்தை மறைத்துவிட்டு "ஒன்றும் செய்யாது, போடுங்கோ" என்று யாராவது சொன்னால் எனக்குப் பிடிப்பதில்லை. தெரிந்துகொண்டு போடுகிற தாய்க்கு எதைக் கவனிக்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும்.

முன்னர் குடல் செருகல் வந்த பிள்ளைக்கும், பிறவியிலேயே கடுமையான நோயெதிர்ப்புக் குறைபாடு உள்ள பிள்ளைக்கும் இந்த மருந்து கூடாது. குறைமாதப் பிள்ளைக்குக் கொடுக்கலாம், பிறந்த நாளிலிருந்தே வயதைக் கணக்கிட வேண்டும். கொடுத்த கையோடு பால் கொடுக்கலாமா என்று பலர் கேட்பார்கள். தாராளமாகக் கொடுக்கலாம்.

எந்த மருந்து?

உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதி (தரமும் பாதுகாப்பும் பார்த்துக் கொடுக்கும் அங்கீகாரம்) பெற்று உலகில் பரவலாகப் பயன்படுபவை நான்கு. ரோட்டாரிக்ஸ் மனித வைரஸின் ஒரே வகையைப் பலம் குறைத்துச் செய்தது, இரண்டு தவணை. ரோட்டாடெக் மாட்டு வைரஸோடு மனித வைரஸின் பாகங்களைக் கலந்து ஐந்து வகையாகச் செய்தது, மூன்று தவணை. ஹைதராபாத்தில் செய்யும் ரோட்டாவாக், டில்லியில் நோயில்லாமல் இருந்த ஒரு பச்சைக் குழந்தையிடம் கிடைத்த வைரஸிலிருந்து வந்தது. பூனாவில் செய்யும் ரோட்டாசில் மாட்டு வைரஸ் கலப்பு, ஐந்து வகை. இந்திய மருந்துகள் இரண்டும் மூன்று தவணை, இரண்டும் 2018இல் முன்தகுதி பெற்றவை.

"ஐந்து வகை இருந்தால் ஒன்றைவிட நல்லதுதானே" என்று தோன்றும். நடைமுறையில் அப்படித் தெரியவில்லை. ஒரே வகையால் செய்த மருந்தும் மற்ற வகைகளிலிருந்து நன்றாகவே காக்கிறது.

இணையத்தில் தேடுகிறவர்கள் இன்னொரு கணக்கில் மயங்குவார்கள். ரோட்டாவாக் இந்தியப் பரிசோதனையில் முதல் ஆண்டில் கடும் நோயை ஏறத்தாழ 55 சதவீதம் தடுத்தது. ரோட்டாரிக்ஸ் ஐரோப்பாவில் முதல் பருவத்தில் 96 சதவீதம் தடுத்தது. அப்படியானால் இந்திய மருந்து மட்டமா? அதே ரோட்டாரிக்ஸ் மலாவியில் 49 சதவீதமும் தென்னாபிரிக்காவில் 77 சதவீதமும்தான் தடுத்தது. போடப்படுகிற இடத்தின் வறுமை, போசாக்கு, குடலில் ஏற்கனவே இருக்கிற கிருமிகள் எல்லாம் சேர்ந்துதான் அந்த எண்ணை ஏற்றி இறக்குகின்றன. ஓர் இடத்தில் கிடைத்த எண்ணை இன்னோர் இடத்து எண்ணோடு பக்கத்தில் வைத்து மருந்தைத் தரம் பிரிக்க முடியாது. பிள்ளை இறப்பு வீதம் குறைவாக உள்ள நாடு இலங்கை. இங்கே மேல்பக்கத்து எண்களுக்குக் கிட்டவே பலன் இருக்கும் என்பது என் எதிர்பார்ப்பு.

அதனால் கடையில் தெரிவு இருந்தால் நான் பார்ப்பது தவணைகளின் எண்ணிக்கையை. இரண்டு தவணை மருந்து நான்காம் மாதத்தோடு முடிந்துவிடும், 24 வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற வரம்புக்கும் இடமிருக்கும். மூன்று தவணையென்றால் ஆறாம் மாதம் வரை போகும். ரோட்டாடெக்கை 12 வாரத்துக்குள் தொடங்கி 32 வாரத்துக்குள் முடிக்கும்படி தயாரிப்பாளர் சொல்கிறார். வேலணையிலிருந்தோ சாவகச்சேரியிலிருந்தோ தூக்கிக்கொண்டு பட்டணத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு பயணம் குறைவதும் பெரிய காரியம். விலை விசாரிக்கும்போது ஒரு தவணைக்கு எவ்வளவு என்று கேட்காமல், எல்லாத் தவணையும் முடிய மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். அடுத்த தவணைக்கும் அதே மருந்து இருக்குமா என்பதையும் கேட்டுவிட வேண்டும். தொடங்கிய மருந்திலேயே முடிப்பது நல்லது. கிடைக்காமல் போனால் நிறுத்திவிடாமல் கிடைப்பதைக் கொண்டு முடிக்கலாம், மொத்தத் தவணையை மட்டும் டொக்டர் தீர்மானிக்கட்டும்.

யாருக்கு இது கூடுதல் அவசியம்?

நல்லூரிலோ கொக்குவிலிலோ இருக்கிற வீட்டுக்கு யாழ் போதனா வைத்தியசாலை கூப்பிடு தூரம். பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரிப் பக்கத்தார்க்கு ஆதார வைத்தியசாலை இருக்கிறது. நெடுந்தீவில் இருக்கும் தாய்க்கு குறிகாட்டுவானுக்கு ஒரு மணி நேரப் படகு, அதன்பின் பட்டணம் வரை றோட்டுப் பயணம். பகலில் சத்தி தொடங்கினால் ஒரு கணக்கு, கடல் கொந்தளிக்கிற இரவில் தொடங்கினால் வேறு கணக்கு. கைக்குழந்தையின் உடம்பு சில மணி நேரத்தில் வறண்டுபோகக் கூடியது. தீவுப் பகுதிக் குடும்பம் ஒன்று என்னிடம் கேட்டால், வேறு எந்தச் செலவைக் குறைத்தாவது இதைப் போடுங்கள் என்றுதான் சொல்வேன். பகல் பராமரிப்பு நிலையத்தில் விடப்போகிற பிள்ளைக்கும், எடை குறைந்து பிறந்த பிள்ளைக்கும் அதே பதில்.

இந்தச் செலவு கட்டுப்படியாகாத குடும்பங்கள் இருக்கின்றன, அவர்கள் குற்ற உணர்வோடு அலைய வேண்டியதில்லை. அரச அட்டவணையில் உள்ள ஊசிகளை ஒன்றும் விடாமல் போட்டு, கீழே சொல்லப்போவதைச் சரியாகச் செய்தால் பெரும்பாலான பிள்ளைகளை வீட்டிலேயே தேற்றி எடுக்கலாம். இந்த மருந்து எங்கள் அட்டவணையிலும் சேர வேண்டும் என்பது என் விருப்பம். லண்டனில் பிறந்த பேரனுக்குக் கிடைப்பது கோண்டாவிலில் பிறந்த பேத்திக்கும் கிடைக்க வேண்டும்.

வந்துவிட்டால் குடிக்க எதைக் கொடுப்பது?

ரோட்டா மருந்து ரோட்டாவை மட்டும்தான் தடுக்கும். வயிற்றோட்டம் தருகிற கிருமிகள் வேறும் உண்டு. ஆகவே மருந்து போட்ட வீட்டுக்கும் இந்தப் பகுதி வேண்டும்.

பாமசிக்கு ஓடி வருகிறவர்கள் முதலில் கேட்பது "வயித்தோட்டத்தை நிப்பாட்டுற குளிசை". பெரியவர்களுக்குக் கொடுக்கும் அந்தக் குளிசை சிறுபிள்ளைக்கு ஆபத்து, நான் கொடுக்க மாட்டேன். அன்ரிபயோற்றிக் வைரஸை ஒன்றும் செய்யாது. பிள்ளைக்கு வேண்டியது போன தண்ணீரும் உப்பும் திரும்பி உள்ளே வருவது.

ஜீவனியில் சீனிச்சத்தும் உப்புகளும் கணக்கான அளவில் இருக்கின்றன. குடல் சுவர் நோயால் அடிபட்டிருந்தாலும் குளுக்கோஸோடு சேர்த்து உப்பை உறிஞ்சும் வழி முழுதாக அடைபடுவதில்லை, உப்பின் பின்னால் தண்ணீரும் போகும். 1971இல் வங்காள அகதிகள் நிறைந்த முகாமில் சேலைன் முடிந்துபோனபோது டொக்டர் திலீப் மஹலானபிஸ் இந்தக் கரைசலைக் குடிக்கக் கொடுத்துத்தான் கொலராவில் விழுந்தவர்களை எழுப்பினார். பைக்கற் முழுவதையும் அதில் எழுதியிருக்கிற அளவு, வழமையாக ஒரு லீற்றர், கொதித்தாறிய தண்ணீரில் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். ஒரு தம்ளருக்குக் கொஞ்சம் என்று கிள்ளிப் போடுவதும், ருசிக்காகச் சீனி சேர்ப்பதும், பாலில் கலப்பதும் கூடாது. உப்புக் கூடினால் பிள்ளைக்கு ஆபத்து, குறைந்தால் பலனில்லை. 24 மணி நேரம் போனால் மிச்சத்தை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும்.

இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு தடவை வயிற்றால் போனதும் 50 முதல் 100 மில்லிலீற்றர். அதற்கு மேற்பட்டவர்க்கு 100 முதல் 200. சத்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி வீதம் திரும்பத் தொடங்குங்கள். போத்தலில் மடமடவென்று கொடுத்தால் மறுபடி சத்தியாகத்தான் வரும். கரண்டியோடு மணிக்கணக்கில் இருக்கப் பொறுமை வேண்டும், அம்மம்மாவும் அம்மாவும் மாறி மாறி இருந்தால் முடியும்.

அரிசிக் கஞ்சியில் உப்புப் போட்டுத் தண்ணியாகக் கொடுப்பது எங்கள் வீடுகளின் பழைய வழக்கம், நல்ல வழக்கம். திட உணவு தொடங்கிய பிள்ளைக்கு ஜீவனியோடு சேர்த்துக் கொடுக்கலாம். இளநீரும் செவ்விளநீரும் பொட்டாசியம் நிறைந்தவை, ஆனால் இந்த நோயில் அதிகம் இழக்கிற சோடியம் அவற்றில் குறைவு. இடையில் கொடுங்கள், ஜீவனிக்குப் பதிலாக வேண்டாம். சோடாவும் பைக்கற் பழச்சாறும் கூடாது, அவற்றின் சீனி குடலுக்குள் இன்னும் தண்ணீரை இழுத்து வயிற்றோட்டத்தைக் கூட்டும். வெறும் குளுக்கோஸ் மாவைக் கரைத்துக் கொடுப்பவர்களும் உண்டு, அதில் உப்பே இல்லை. மாதுளங்கோது அவித்த தண்ணீரைக் கைக்குழந்தைக்குப் பருக்க வேண்டாம். தாய்ப்பாலை ஒரு வேளையும் நிறுத்தக் கூடாது.

புயல், வெள்ளம் என்று கடை பூட்டிய நாளில் ஜீவனி இல்லையென்றால், ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும். அளவு பிசகுவது இதில் சுலபம் என்பதால் பைக்கற் கிடைத்தவுடன் அதற்கு மாறுங்கள்.

இதோடு நாகச் சத்துக் (சிங்க்) குளிசை அல்லது பாணி: ஆறு மாதத்துக்கு மேல் நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10, பத்திலிருந்து பதினான்கு நாள். வயிற்றோட்டம் நின்றதும் இதை நிறுத்திவிடுகிறார்கள். முழு நாளும் கொடுத்தால்தான் அடுத்த சில மாதத்துக்கும் உதவும்.

"சேலைன் ஏத்தினால்தான் மாறும்" என்ற நம்பிக்கை எங்கள் ஊரில் ஆழமானது. ஓரளவு வறண்ட பிள்ளைகளில் வாய்வழிக் கரைசலையும் சேலைனையும் ஒப்பிட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், கரைசல் கொடுத்த இருபத்தைந்து பிள்ளைகளில் ஒருவருக்கு அளவில்தான் பிறகு சேலைன் தேவைப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த ஒரு பிள்ளைக்கு அது உயிர். கண் குழிவிழுந்து, உச்சிக்குழி பள்ளமாகி, அழுதால் கண்ணீர் வராமல், ஆறு மணி நேரமாகச் சலம் போகாமல், எழுப்பினாலும் சோர்ந்து தூங்குகிற பிள்ளையோடு கரண்டியை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. கொடுப்பதெல்லாம் சத்தியாக வந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், பிள்ளை ஆறு மாதத்துக்குக் குறைவென்றாலும் காத்திருக்க வேண்டாம். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசம். போகிற வழியிலும் கரண்டியால் கொடுத்துக்கொண்டே போங்கள்.

இதை வாசிக்கும்போது முதல் தவணை போடாமலே உங்கள் பிள்ளைக்கு மூன்றரை மாதம் தாண்டிவிட்டதென்றால் மருந்தைத் தேடி அலைய வேண்டாம், அந்தக் காசு மிச்சம். இரண்டு வயது முடியும் வரை வீட்டில் மூன்று நான்கு ஜீவனி பைக்கற்றும், ஒரு லீற்றர் அளவு தெரிந்த சுத்தமான போத்தலும் வைத்திருங்கள். பைக்கற்றில் காலாவதித் திகதி போட்டிருக்கும், அதைப் பார்த்து மாற்றுங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற அப்பம்மாவுக்கும் கரைக்கும் முறையை ஒரு தடவை செய்து காட்டிவிடுங்கள்.